புல்லட் 500-க்கு அலுமினிய சிலிண்டர் போடுவது எப்படி: அளவெடுப்பதிலிருந்து ரன்னிங்-இன் வரை

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 500 வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "அலுமினிய சிலிண்டர் போட்டால் எவ்வளவு பவர் கூடும்?" என்றுதான். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மாறாமல் சிலிண்டரை மட்டும் மாற்றினால் பவர் பெரிதாகக் கூடாது. தொழிற்சாலை சொன்ன 22 பிஎச்பி ஏறக்குறைய 22 பிஎச்பியாகவே இருக்கும். ஆனாலும் இந்த மாற்றத்தை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். அதற்குக் காரணம் சூடு.

சிலிண்டர் வார்க்கும் அலுமினியக் கலவை, வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். புல்லட்டில் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. காற்றும், ஓரளவு எஞ்சின் ஆயிலும்தான் அதைக் குளிர்விக்கின்றன. எரியும் இடத்தில் பிறக்கும் சூடு, சிலிண்டரின் வெளியே தகடு தகடாக நீளும் ஃபின்னின் நுனி வரைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் காற்று அதை எடுத்துக்கொண்டு போக முடியும். இரும்பில் அந்தப் பயணம் மெதுவாக நடக்கிறது.

இன்னொரு விஷயம் பெருக்கம். இந்த எஞ்சினின் 84 மி.மீ. போர் 100 டிகிரி சூடேறினால், இரும்பு சுமார் 0.09 மி.மீ. விரியும். அலுமினியம் 0.18 மி.மீ. அளவுக்கு விரியும். பிஸ்டன் அலுமினியம்தான், அதுவும் சிலிண்டர் சுவரைவிட நிறையச் சூடாக இருப்பது. ஆகவே இரும்பு சிலிண்டருக்குள் பிஸ்டன் பருத்துக்கொண்டே போகும், சிலிண்டர் அந்த வேகத்துக்கு விரியாது. நீண்ட மேட்டில் கியரைக் குறைக்காமல் இழுக்கும்போது பிஸ்டன் ஜாம் ஆவது இதனால்தான். அலுமினிய சிலிண்டர் பிஸ்டனோடு சேர்ந்து விரிவதால் இடைவெளி அவ்வளவு சீக்கிரம் காணாமல் போகாது. குளிரில் குறைந்த இடைவெளியோடு தொடங்கலாம், சூட்டிலும் பயமில்லை.

இந்த இடைவெளிதான் முழு வேலையும். எந்தக் கம்பெனி சிலிண்டர், எந்தக் கம்பெனி பிஸ்டன் என்பதெல்லாம் எனக்கு இரண்டாவது கேள்வி. நூறில் ஒரு மில்லிமீட்டரை மதிக்கத் தெரிந்தவர் கையில் சாதாரண சிலிண்டரும் நன்றாக ஓடும். அளவெடுக்காமல் மாட்டினால் விலை உயர்ந்த சிலிண்டரும் கீறிப்போகும்.

எதை வாங்குவது

முதலில் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கும் இரும்பு சிலிண்டரையே ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த உட்சுவரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, 20 சைஸ் அல்லது 40 சைஸ் பிஸ்டன் போட்டால் போதுமா? 20 சைஸ் என்றால் போர் அரை மில்லிமீட்டர் பெரிதாகும், 40 என்றால் ஒரு மில்லிமீட்டர். மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் நிதானமாகப் போகிறவருக்கு, நல்ல லேத்தில் செய்த ரீபோர் பல வருடம் உழைக்கும். வண்டியை அசல் நிலையிலேயே வைத்திருக்க விரும்புகிறவருக்கும் அதுதான் சரி. சுமையோடு தொலைதூரம் போகிறவர்கள், மலைப்பாதையில் ஏறுகிறவர்கள், ஏற்கெனவே 40 சைஸைத் தாண்டிவிட்டவர்கள் அலுமினியத்துக்குப் போகலாம்.

அலுமினியத்தில் இரண்டு வகை உண்டு. உள்ளே ஸ்லீவ் எனும் இரும்புக் குழாயை அழுத்தி வைத்தது ஒன்று. நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு கொடுத்தது இன்னொன்று. பூச்சுப் போர் தேயவே தேயாதது போல உழைக்கும், சூட்டையும் நேராக அலுமினியத்துக்குக் கடத்தும். ஆனால் தேய்ந்துவிட்டால் சாதாரண லேத்தில் ரீபோர் செய்ய முடியாது. பூச்சை அகற்றி, மறுபடி பூசி, வைரக் கல்லால் ஹோன் செய்ய, அதாவது உட்சுவரைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். ஸ்லீவ் வகையில் விரிவு இரும்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் இருக்கும், ஆனால் எந்த ஊரிலும் ரீபோர் செய்துகொள்ளலாம். பழைய வண்டியை நீண்ட காலம் கூடவே வைத்திருக்கப் போகிறவருக்கு நான் ஸ்லீவ் வகையைத்தான் சொல்வேன்.

அடுத்து 535. போரை 84-லிருந்து 87 மி.மீ. ஆக்கினால், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதே 90 மி.மீ. என்பதால், 499 சி.சி. 535 சி.சி. ஆகிறது. இதில் இழுவை உண்மையாகவே கூடும், குறிப்பாக கீழ் வேகத்தில். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சி.சி. அளவு ஆர்.சி.யில் எழுதப்பட்டிருக்கிறது. இரும்பை எடுத்துவிட்டு அதே 84 மி.மீ. அலுமினியம் போடுவதில் சி.சி. மாறாது. 87 போட்டால் மாறும். இன்னொன்று அடிப்பகுதி. 535-இன் கூடுதல் இழுவையை முழுக்க கிராங்கும், கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்டும்தான் தாங்க வேண்டும். இந்த எஞ்சினில் பிக் எண்ட், ரோலர் இல்லாத மிதக்கும் புஷ். நல்ல ஆயிலும் நல்ல ஆயில் பம்பும் இருந்தால் அது வெகுநாள் உழைக்கும், இல்லாவிட்டால் இரக்கம் காட்டாது.

350-ஐ 500 ஆக்குவது பற்றியும் கேட்பார்கள். 350-இன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் அதே 90. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். ஹெட், கார்புரேட்டர், கிராங்க் பேலன்ஸ் எல்லாம் சேர்ந்து மாற வேண்டிய வேலை அது. இந்தக் கட்டுரையில் அதைத் தொடவில்லை. ஏவிஎல், யூசிஇ என்ற பிற்கால எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் இது தேவையில்லை, அவை அலுமினிய சிலிண்டரோடு வந்தவை.

கழற்றுவது

வண்டியை முந்தின நாளே கழுவி, எஞ்சினைச் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். சிலிண்டரைத் தூக்கும்போது ஃபின்னில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துணுக்கு கிராங்க்கேஸுக்குள் விழுந்தால், அதைத் தேடி எடுக்க முடியாது.

பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், சைலன்சர் பைப், ஹெட்டை ஃபிரேமோடு பிடிக்கும் ஸ்டே, டிகம்ப்ரஸர் கேபிள், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்புகள் என்று வரிசையாக எடுங்கள். ஆயில் பைப்பின் செம்பு வாஷர்களை மறுபடி போடாதீர்கள், புதிதாக வாங்கிவிடுங்கள். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்தால் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ராக்கர் மேல் அழுத்தம் இருக்காது. அப்புறம் ராக்கர்களை எடுத்து, அவற்றைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடுகளை இன்லெட், எக்ஸாஸ்ட் என்று குறித்துத் தனித்தனியாக வையுங்கள். அவை ஒவ்வொன்றும் அடியில் இருக்கும் அதனதன் டேப்பெட்டோடு சேர்ந்து தேய்ந்தவை.

ஹெட் நட்டுகளை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் கால் சுற்று, கால் சுற்றாகக் குறுக்காகத் தளர்த்துங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டலாம். கேஸ்கெட் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அந்தத் தழும்பு வழியாகத்தான் பிற்காலத்தில் ஆயில் கசியும்.

சிலிண்டரின் அடி நட்டுகளைக் கழற்றும்போது, டேப்பெட் மூடிக்கு உள்ளே இருக்கும் நட்டை மறக்க வேண்டாம். வெளியே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, சிலிண்டர் அசையவில்லையே என்று சுத்தியலால் ஓங்கி அடித்து ஃபின்னை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிலிண்டரை மூன்று விரல் உயரம் தூக்கியதும் நிறுத்துங்கள். பிஸ்டன் இன்னும் உள்ளே இருக்கும்போதே, கிராங்க்கேஸ் வாயில் நூல் பிரியாத சுத்தமான துணியை அடைத்துவிட வேண்டும். உடைந்த ரிங் துண்டு இருந்தால் அது துணியில் விழும். அதன்பிறகு முழுசாகத் தூக்குங்கள். கனெக்டிங் ராடு சாய்ந்து கிராங்க்கேஸ் விளிம்பில் மோதாமல் ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது.

பழைய பிஸ்டன் சொல்வதைக் கேளுங்கள்

புது சாமான் வந்துவிட்ட மகிழ்ச்சியில் பழைய பிஸ்டனை ஓரமாக வீசிவிடுகிறார்கள். அதை ஒரு பத்து நிமிடம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஸ்கர்ட்டின், அதாவது ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கச் சுவரின், முன்பக்கமும் பின்பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் சரி. ஒரு பக்கம் மேல் மூலையும், எதிர்ப்பக்கம் கீழ் மூலையும் பளபளவென்றிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரி செய்யாமல் போடும் புது சிலிண்டர், கோணலான பிஸ்டனோடுதான் வாழ வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு எளிய வழி உண்டு. கனெக்டிங் ராடின் மேல் கண்ணில் பிஸ்டன் பின்னைச் செருகுங்கள். கிராங்க்கேஸின் வாய்ப்பரப்பில், பின்னின் இருபுறமும், ஒரே தடிமன் கொண்ட இரண்டு நேரான எஃகுப் பட்டைகளை வையுங்கள். பிஸ்டன் பின் அந்தப் பட்டைகளின் மேல் மெதுவாக உட்காரும்படி கிராங்கைத் திருப்புங்கள். இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையாவிட்டால், ராடு வளைந்திருக்கிறது.

பிக் எண்டையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கிராங்கை உச்சிக்குக் கொண்டுவந்து, ராடை நேர் மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளுங்கள். 'டக்' என்று ஒரு சிறு ஆட்டம் தெரிந்தால்கூட புஷ் போய்விட்டது. பக்கவாட்டில் ராடு கொஞ்சம் அசைவது இயல்பு, அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். மேல்-கீழ் ஆட்டம் இருந்தால், சிலிண்டர் வேலையை நிறுத்திவிட்டு எஞ்சினை முழுசாக இறக்குங்கள். புது சிலிண்டர் போட்டதும் கம்ப்ரஷன் கூடும், ஏற்கெனவே தளர்ந்த பிக் எண்டில் அது இன்னும் பலமாக அடிக்கும். 5400 ஆர்பிஎம்-இல் இந்த 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தை ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தித் திருப்புவது அந்தப் புஷ்தான்.

அளவெடுப்பது

எனக்கு அளவெடுக்கக் கற்றுக்கொடுத்த லேத் மேஸ்திரி, சிலிண்டரையும் பிஸ்டனையும் மைக்ரோமீட்டரையும் முதல் நாள் மாலையே ஒரே மேசையில் வைத்துவிடுவார். மறுநாள் காலையில்தான் தொடுவார். வெயிலில் இருந்து வந்த சிலிண்டரையும் நிழலில் இருந்த பிஸ்டனையும் ஒப்பிட்டால் கிடைக்கும் எண் பொய். பிஸ்டனைக் கையில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாலே அளவு நகரும்.

சிலிண்டரைப் போர் கேஜால் மூன்று உயரத்தில் அளக்க வேண்டும்: மேல் ரிங் ஓடும் இடம், நடு, அடி. ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு திசையில், அதாவது கிராங்க் அச்சின் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. ஆறு எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். புது சிலிண்டர்தானே என்று இதை விட்டுவிட வேண்டாம். ஸ்லீவை அழுத்தும்போது வட்டம் நெளிந்திருக்கலாம். ஆறு எண்ணுக்கும் இடையே 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பிஸ்டனை எங்கே அளப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிஸ்டன் உருளை வடிவமே அல்ல. தலை சிறுத்து, ஸ்கர்ட் அகன்று, பிஸ்டன் பின் இருக்கும் திசையில் குறுகி, அதற்குக் குறுக்கே விரிந்திருக்கும். எனவே ஸ்கர்ட்டின் கீழ்ப்பகுதியில், பின்னுக்குச் செங்குத்தான திசையில் அளக்க வேண்டும். சரியாக எத்தனை மி.மீ. உயரத்தில் என்பதை பிஸ்டன் செய்தவரே சொல்லியிருப்பார். சிலிண்டரின் மிகச் சிறிய எண்ணிலிருந்து பிஸ்டனின் இந்த அளவைக் கழித்தால் வருவதுதான் இடைவெளி.

எவ்வளவு வேண்டும்? பிஸ்டனோடு வரும் தாளில் இருப்பதுதான் முடிவானது. தாள் இல்லாவிட்டால், காற்றில் குளிரும் இரும்பு சிலிண்டரில் வார்ப்பு பிஸ்டனுக்கு, போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைகளில் வழங்கும் பழைய கணக்கு. 84 மி.மீ.க்கு அது 0.08 மி.மீ.யை ஒட்டி வரும். அலுமினிய சிலிண்டருக்கு இதைவிடக் குறைவு போதும். வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் அதிகம் விரிவதால் அதற்குக் கூடுதலாக வேண்டும். "கொஞ்சம் லூஸாகவே வைத்துவிடலாம், ஜாம் ஆகாது" என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. லூஸான பிஸ்டன் சிலிண்டருக்குள் ஆடும், ரிங் சமமாக உட்காராது, ஆயில் மேலேறி எரியும்.

ரிங் இடைவெளிக்கு வருவோம். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராக உள்ளே தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 84 மி.மீ. போருக்கு 0.30 முதல் 0.40 மி.மீ. வரை இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் ஒரே திசையில், வெளிப்பூச்சு உரிந்துவிடாதபடி வெளியிலிருந்து உள்நோக்கி ராவுங்கள். இடைவெளி போதாத ரிங் சூட்டில் முனையோடு முனை முட்டி, சிலிண்டரைக் கீறிவிட்டுத்தான் ஓயும்.

எடையையும் பாருங்கள். பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், அதை நழுவாமல் பிடிக்கும் லாக் எல்லாம் சேர்த்துப் பழையதையும் புதியதையும் தராசில் வையுங்கள். கிராங்கின் பேலன்ஸ் பழைய பிஸ்டனின் எடைக்காகச் செய்யப்பட்டது. 87 மி.மீ. பிஸ்டன் கணிசமாகக் கனத்தால் ஏதோ ஒரு வேகத்தில் அதிர்வு கூடும். இலேசான பிஸ்டன் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

சுத்தம்

ஹோன் செய்த சிலிண்டரின் சுவரில் ஏறத்தாழ 45 டிகிரியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள்தான் ஆயிலைப் பிடித்து வைக்கின்றன. அதே கோடுகளுக்குள்தான் ஹோன் கல்லின் பொடியும் ஒளிந்திருக்கிறது. பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் எண்ணெய் போகும், பொடி போகாது. சூடான தண்ணீரும் சோப்பும் கொண்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியில் சில சொட்டு ஆயில் விட்டு உள்ளே துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் இன்னொரு முறை கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும் வரை நிறுத்தாதீர்கள். கழுவிய உடனே துடைத்து ஆயில் தடவிவிட வேண்டும். ஈரமான புது இரும்புச் சுவரில் நிமிடக் கணக்கில் துரு பிடித்துவிடும்.

ஒரு பட்டறையில் ரீபோர் செய்து நேராக மாட்டிய எஞ்சின் ஒன்று என்னிடம் வந்தது. அளவெல்லாம் சரி, ரிங் மட்டும் நெடுங்காலம் ஓடியது போல மழுங்கிக் கிடந்தது. பொடி செய்த வேலை அது.

வெறுமனே ஒரு முறை மாட்டிப் பார்ப்பது

ரிங் போடாத பிஸ்டனோடு, கேஸ்கெட் இல்லாமல், சிலிண்டரை ஒரு முறை மாட்டுங்கள். அடிப்பரப்பு கிராங்க்கேஸில் முழுசாக உட்காருகிறதா என்று சுற்றிலும் மெல்லிய ஃபீலரால் பாருங்கள். சிலிண்டரின் கழுத்து கிராங்க்கேஸ் வாய்க்குள் இறுக்கமில்லாமல் போக வேண்டும், தட்டி இறக்கும்படி இருக்கக் கூடாது. கையால் கிராங்கைச் சுற்றினால், கழுத்தின் அடியில் ராடோ ஃபிளைவீலோ எங்கும் உரசக் கூடாது. 87 மி.மீ. சிலிண்டரில் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

இனி கேஸ்கெட் போட்டு ஹெட்டையும் மாட்டி, கம்ப்ரஷன் விகிதத்தை அளக்கலாம். பிஸ்டனின் விளிம்பில் கிரீஸ் பூசி, உச்சியில் நிறுத்தி, பிளக் துளை மேல்நோக்கி இருக்கும்படி வண்டியைச் சாய்த்து, அளவுக் குழாயால் மெல்லிய ஆயிலை பிளக் மரையின் அடி வரை நிரப்புங்கள். பழைய 500-இன் 6.5 விகிதத்துக்கு இந்த இடம் சுமார் 91 சி.சி. வர வேண்டும். 499-ஐயும் 91-ஐயும் கூட்டி 91-ஆல் வகுத்தால் 6.5 வருகிறது. அதே ஹெட்டோடு, அதே இடத்தோடு 535 போட்டால் 6.9 ஆகும், அதில் ஆபத்தில்லை. மேடான தலை கொண்ட பிஸ்டன் போட்டு விகிதத்தை ஏற்றுகிறவர்களும் உண்டு. இந்த அடிப்பகுதியை நம்பி 8-க்கு மேல் நான் போக மாட்டேன்.

பிஸ்டன் தலைக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் இதே சமயத்தில் பார்த்துவிடலாம். பிஸ்டன் தலையில், வால்வு வரும் இடங்களில், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வைத்து, ஹெட்டை மாட்டி, டேப்பெட்டைச் சரிசெய்து, கிராங்கை மெதுவாக இரண்டு சுற்றுக்கு மேல் திருப்புங்கள். திறந்து, அமுங்கிய இடத்தை வெட்டி அளந்தால் இன்லெட்டில் ஒன்றரை மி.மீ.யும், எக்ஸாஸ்டில் இரண்டு மி.மீ.யும் குறைந்தபட்சம் இருக்க வேண்டும்.

மாட்டுவது

பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி அல்லது முன்பக்கக் குறி எந்தத் திசையைக் காட்டுகிறது என்று தாளோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிஸ்டன் பின் இறுக்கமாக இருந்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். பிஸ்டனைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் துடைத்தால் விரலாலேயே உள்ளே போகும். லாக் இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். போட்டபின் அதைப் பள்ளத்துக்குள் திருப்பிப் பாருங்கள், முழுசாக உட்கார்ந்திருந்தால்தான் சீராகத் திரும்பும். ரிங்குகளில் எழுத்து உள்ள பக்கம் மேலே வர வேண்டும். மூன்று ரிங்கின் வாயும் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

பிஸ்டனிலும் சிலிண்டரிலும் எஞ்சின் ஆயிலை மெல்லியதாகப் பூசினால் போதும். ரிங் பள்ளத்தில் ஆயிலை ஊற்றி நிரப்பினால் ரிங் சுவரோடு பொருந்த நாளாகும். ரிங்குகளைக் கிளாம்பால் அமுக்கி, சிலிண்டரைத் தன் எடையிலேயே இறக்குங்கள். எங்காவது நின்றால் அழுத்தாமல் தூக்கிப் பாருங்கள், ரிங் வெளியே நீண்டிருக்கும். கிராங்க்கேஸ் வாயில் அடைத்த துணியை ரிங்குகள் உள்ளே போனதும், சிலிண்டர் முழுசாக இறங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

இறுக்குவதில் அலுமினியத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஸ்டட்கள் எஃகு, அவை அலுமினியத்தைவிடக் குறைவாக விரியும். எஞ்சின் சூடானதும் சிலிண்டரும் ஹெட்டும் உயர்ந்து, ஸ்டட்டின் இழுவிசை தானாகவே கூடும். குளிரில் கைபலத்தையெல்லாம் காட்டி இறுக்கினால், சூட்டில் மரை பிடுங்கிக்கொண்டு வரும். எனவே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மேனுவலில் உள்ள அளவை மூன்று கட்டமாகப் பிரித்து, குறுக்காக மாறி மாறி இறுக்குங்கள்.

டேப்பெட்டை முழுக்கக் குளிர்ந்த எஞ்சினில் சரிசெய்யுங்கள். புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேல்-கீழ் ஆட்டம் தெரியக் கூடாது. புது சிலிண்டரின் உயரம் பழையதைவிட மாறியிருந்தால் அட்ஜஸ்டரின் மரை ஓர் ஓரத்துக்குப் போய்விடும். அப்படியிருந்தால் உயரத்தைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டும் ரன்னிங்-இன்னும்

கிக் அடிப்பதற்கு முன், பிளக்கை எடுத்துவிட்டு எஞ்சினைச் சுற்றி, ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அங்கே ஆயில் கசிந்து வரும் வரை சுற்றுங்கள். ராக்கர்களின் மேலும் கொஞ்சம் ஆயிலைக் கையால் ஊற்றிவிடலாம். தொடக்கத்துக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் சரி. சிந்தெட்டிக் ஆயிலில் ரிங் சுவரோடு பொருந்துவது தாமதமாகும்.

ஸ்டார்ட் ஆனதும் நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஐடிலில் விடாதீர்கள். காற்றோட்டம் இல்லை, ரிங்குக்குப் பின்னால் போதுமான அழுத்தமும் இல்லை. சில நிமிடம் ஓடவிட்டு, கசிவு பார்த்து, அணைத்து, முழுக்கக் குளிரவிடுங்கள். குளிர்ந்ததும் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், கேஸ்கெட் அமுங்கியதில் சில நட்டுகள் கட்டாயம் நகரும். டேப்பெட்டையும் பாருங்கள். இந்தச் சோதனையை 100 கிலோமீட்டரிலும் இன்னொரு முறை செய்து, கூடவே ஆயிலையும் மாற்றுங்கள். முதல் ஆயிலில் ரிங்கும் சுவரும் உதிர்த்த மினுமினுப்பு தெரியும், அது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் துண்டுகள் வந்தால் இயல்பல்ல.

புது சாமான்கள் ஒன்றோடொன்று பழகும் ரன்னிங்-இன் காலமான முதல் 500 கிலோமீட்டருக்கு மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஓட்டுங்கள். ஆனால் ஒரே வேகத்தில் ஓட்டக் கூடாது. ஆக்சிலரேட்டரை மிதமாகத் திறந்து கொஞ்ச தூரம் இழுத்து, மூடி, எஞ்சின் பிரேக்கில் விடுங்கள். இழுக்கும்போது வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அழுத்துகிறது, மூடும்போது ஆயில் மேலே இழுபட்டு சுவரைக் குளிர்விக்கிறது. கீழ் ஆர்பிஎம்-இல் டாப் கியர் போட்டு 'தட் தட்' என்று இழுக்கவிடுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கெடுதல். மேட்டில் தயங்காமல் கியரைக் குறையுங்கள்.

சத்தம் மாறியிருக்கும். அலுமினியம் சத்தத்தை அமுக்காது, டேப்பெட்டும் கேமும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். அது குறையல்ல. குளிரில் இல்லாமல் சூட்டில் மட்டும் புதிதாக ஒரு சத்தம் வந்தால், அல்லது மூடிய ஆக்சிலரேட்டரில் வண்டி யாரோ பின்னால் இழுப்பது போலத் தயங்கினால், உடனே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணையுங்கள். பிஸ்டன் இறுக ஆரம்பிக்கும் அறிகுறி அது.

84 மி.மீ. போட்டவர்களுக்குக் கார்புரேட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை. 535 போட்டவர்கள், பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஓரிரு அளவு ஏற்ற வேண்டியிருக்கும். 500 கிலோமீட்டர் தாண்டியதும், நேரான சாலையில் முக்கால் ஆக்சிலரேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, அதே நிலையில் எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் ஜெட் சரி. கரிந்திருந்தால் ஓர் அளவு குறையுங்கள். வெளுத்திருந்தால், மேற்கொண்டு ஒரு கிலோமீட்டர்கூட வேகமாக ஓட்டாமல், அடுத்த பெரிய ஜெட்டைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.